உதகை மாணவர்களுக்கும் ஒரு விழாக்காலம் வேண்டும்

நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், உதகமண்டலம் நகர்மன்றத் தலைவர், உறுப்பினர்கள், நகராட்சி ஆணையர் ஆகியோருக்கும், கோடை விழாவை நடத்தும் சுற்றுலாத் துறை, தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

உதகையில் கல்லூரிப் பிள்ளைகள் தினமும் ஏறி இறங்கும் ஒரு சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது, புராஜெக்ட் பைண்டிங், நோட்டீஸ், அழைப்பிதழ் ஆகியவைதான் தொழில். ஊரில் எந்த நிகழ்ச்சி நடந்தாலும் அதன் நோட்டீஸ் என் கடைக்கோ என்னைப் போன்ற வேறு ஒருவர் கடைக்கோ வந்துதான் போகவேண்டும். அதை வைத்துச் சொல்கிறேன்: கல்லூரிகள் நடக்கும் மாதங்களில் மாணவர்களுக்கென்று இந்த ஊர் நடத்தும் நிகழ்ச்சி என்று அநேகமாக எதுவும் இல்லை. கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கண்ணீர் அஞ்சலி, கல்லூரிக்குள்ளேயே முடிந்துவிடும் கருத்தரங்கு, இவற்றுக்குத்தான் அச்சு ஓடுகிறது. ஊர் எடுக்கும் விழா எல்லாம் மே மாதத்தில் வருகிறது. மே மாதத்தில் கல்லூரிகளுக்கு விடுமுறை. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல்.

கோடை விழாவைக் குறை சொல்ல வரவில்லை. அந்த வருமானத்தை நம்பித்தான் இங்கே எத்தனையோ குடும்பங்கள் மழைக்காலத்தைக் கடத்துகின்றன, என் குடும்பமும் அதில் ஒன்று. தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, ரோஜா பூங்காவில் ரோஜாக் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனை திரவியக் கண்காட்சி என்று மாவட்டமே மேடையாகிவிடுகிறது. 1896-ல் தொடங்கிய மலர்க் கண்காட்சி 2025-ல் 127-ஆவது முறையாக நடந்தது. அந்தச் சில நாட்களுக்காகப் பூங்கா ஊழியர்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே விதைத்து, நாற்று பிரித்து, உறைபனியிலிருந்து காப்பாற்றி, ஆயிரக்கணக்கான தொட்டிகளை மாடத்தில் அடுக்குகிறார்கள். ஒரு விழாவைத் திட்டமிட்டு நடத்துவது எப்படி என்று இந்த நிர்வாகத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஏன் எல்லாமே கோடையில்? சென்னை மாகாண அரசாங்கமே கோப்புகளைக் கட்டிக்கொண்டு வெயிலுக்குப் பயந்து மலையேறி வந்த காலத்து ஏற்பாடு அது. துரைமார் வந்து தங்கும் மாதங்களில் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, நடனம், நாடகம் எல்லாம் இருக்கும். அவர்கள் இறங்கிப்போனதும் ஊர் அடங்கிவிடும். ஸ்னூக்கர் விளையாட்டின் விதிகள் 1882-ல் உதகை கிளப்பில்தான் வகுக்கப்பட்டன என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்கிறோம். அன்றைக்கு அந்தக் கிளப்புக்குள் ஊர்மக்கள் விளையாடப் போனதில்லை. பொழுதுபோக்குக்குப் பெயர்பெற்ற ஊர்தான் இது. அந்தப் பொழுது மட்டும் தொடக்கத்திலிருந்தே வந்துபோகிறவர்களுக்காக ஒதுக்கப்பட்டது.

1955-ல் அரசு கலைக் கல்லூரி வந்தது. எங்கே வந்தது என்று பாருங்கள். ஆட்சியர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய ஸ்டோன் ஹவுஸ், மலைமக்கள் கல் பங்களா என்று சொன்ன அந்தக் கட்டடம், இன்று அந்தக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. இந்த ஊரின் முதல் துரை வீட்டு வாசலில் தேயிலைத் தொழிலாளியின் மகளும் உருளைக்கிழங்கு விவசாயியின் மகனும் பட்டப்படிப்புக்கு வந்து நின்றார்கள். இதைவிடப் பெரிய மாற்றம் உதகையில் நடந்ததில்லை என்பது என் எண்ணம். அதன்பிறகு பார்மசி கல்லூரி, மகளிர் கல்லூரி, பக்கத்திலேயே கேத்தியில் பொறியியல் கல்லூரி என்று வரிசையாக வந்தன. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் முறைப்படி திறக்கப்பட்டது. ஊர் எப்போதோ கல்லூரி ஊராகிவிட்டது. விழாவுக்கான நாட்காட்டியை மட்டும் யாரும் மாற்றவில்லை.

இந்த மாணவர்கள் யார் என்பதையும் சொல்லவேண்டும். தும்மனட்டியிலிருந்தும் இத்தலாரிலிருந்தும் வரும் படுகர் வீட்டுப் பிள்ளைகள் கடைசி வகுப்பு முடிந்ததும் பஸ் நிலையத்துக்கு ஓடிவிடுவார்கள். அவர்களுக்கு ஊரில் ஹெத்தையம்மன் திருவிழா இருக்கிறது, ஹட்டியே (படுகர் கிராமமே) கூடி ஆடும் ஆட்டம் இருக்கிறது. கூடலூர், பந்தலூர் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் வேறு. இலங்கையிலிருந்து திரும்பிவந்த குடும்பங்கள், எஸ்டேட் லைன் வீடுகளில் இன்னமும் இருக்கும் குடும்பங்கள், அந்தக் குடும்பங்களில் பலவற்றிலும் இவர்கள்தான் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறை. சமவெளியிலிருந்து வந்தவர்கள் இன்னொரு கூட்டம். இவர்களுக்குச் சனி, ஞாயிறு என்றால் விடுதி அறை, ஈரம் காயாத துணி, கையில் போன். வெளியே வந்தால் ஊர் நடுவிலுள்ள சேரிங் கிராஸ் சந்திப்பு வரை நடந்து போய்த் திரும்ப வேண்டியதுதான். பூங்காவுக்கும் படகு இல்லத்துக்கும் டிக்கெட் எடுக்கவேண்டும். ஒரு தரம் பார்த்துவிட்டால் அடுத்த தரம் போக அங்கே என்ன இருக்கிறது?

ஊரிலேயே இருக்கும் மாணவர்கள் கோடை விழாவைப் பார்க்கிறார்களே என்று சொல்லலாம். பார்க்கிறார்கள், வேலைக்காரர்களாக. சாக்லேட் கடையில் எடை போடுகிறார்கள், வர்க்கி பொட்டலம் கட்டுகிறார்கள், தங்கும் விடுதிகளில் படுக்கை விரிக்கிறார்கள், வாகன நிறுத்தத்தில் சீட்டுக் கிழிக்கிறார்கள். அந்தச் சம்பளம் ஜூன் மாதக் கட்டணத்துக்கு வேண்டும். மேடையில் பாட்டு நடக்கும்போது அவர்கள் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நிற்கிறார்கள். உழைப்பதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனாலும் சொந்த ஊரின் விழாவில் உட்கார்ந்து பார்க்கும் நாற்காலி ஒன்றாவது அவர்களுக்கு வேண்டாமா?

கடையில் நடந்ததைச் சொல்கிறேன். விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் பந்தலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி, நோட்டுப் புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதிய நோட்டீஸோடு வந்தாள். கவியரங்கம். தலைப்பு, 'தேயிலைச் செடியின் உயரம்'. கவாத்து செய்து செய்து இடுப்புக்கு மேல் வளரவிடாத செடியைப் பற்றி எஸ்டேட் வீட்டுப் பெண் யோசித்த தலைப்பு. படித்ததும் நிமிர்ந்து பார்த்தேன். நாள், நேரம், கவிதை வாசிப்பவர்களின் பெயர் எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தாள். இடம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும் புள்ளிக்கோடு. "அண்ணா, இடம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. கோட்டை அப்படியே விட்டு அச்சடித்துக் கொடுங்கள், கிடைத்ததும் பேனாவால் எழுதிக்கொள்கிறோம்" என்றாள். விசாரித்த மண்டபத்தில் கல்யாணத்துக்கு வாங்கும் அதே வாடகையும் முன்பணமும் கேட்டிருக்கிறார்கள். இன்னோர் இடத்தில் கடிதம் கொண்டுவா, பெரியவர்கள் யாராவது பொறுப்பேற்கவேண்டும் என்று அலையவிட்டிருக்கிறார்கள். கடைசியில் கல்லூரி வகுப்பறை ஒன்றிலேயே நடத்தினார்கள். கேட்டவர்களும் அவர்கள் வகுப்புப் பிள்ளைகள்தான். வரவேண்டும் என்று ஆசைப்பட்ட வேறு கல்லூரிப் பிள்ளைகள் வாசலிலேயே அடையாள அட்டை இல்லாமல் நின்றுபோனார்கள்.

எனக்கு உறுத்துவது இதுதான். ஒரே ஊரில் மருத்துவம் படிக்கிறவனும், வனவிலங்கு உயிரியல் படிக்கிறவளும், மருந்தியல் படிக்கிறவனும், தமிழ் படிக்கிறவளும் இருக்கிறார்கள். மூன்று நான்கு ஆண்டுகள் ஒரே மழையில் நனைந்து, ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், ஒருவரையொருவர் அறியாமலே பட்டம் வாங்கிக்கொண்டு மலையிறங்கிவிடுகிறார்கள். கல்லூரிக்குக் கல்லூரி வாசல் இருக்கிறது, காவலாளி இருக்கிறார். எல்லாரும் வந்து அமரக்கூடிய பொது இடத்தை ஊர்தான் தரமுடியும்.

அதற்கு நான் கேட்பது பெரிய செலவில்லை. ஜூலையிலிருந்து மார்ச் வரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் 2 மணியிலிருந்து 5 மணிவரை, கூரையுள்ள ஒரு பொது அரங்கை வாடகையில்லாமல் மாணவர்களுக்கு ஒதுக்குங்கள். பழங்குடியினர் பண்பாட்டு மையம் இருக்கிறது, அரசு நிகழ்ச்சிகள் அங்கே நடக்கின்றன. அப்படி ஏதாவது ஓர் அரங்கு போதும். ஒலிபெருக்கியும் நாற்காலியும் நகராட்சி தரட்டும். மற்றதை மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

யார் பொறுப்பு என்ற கேள்வி வரும். நம் ஊர் மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழாவில் ஒவ்வொரு சமூகத்தாரும் ஆளுக்கொரு நாள் உபயம் ஏற்கிறார்கள். எத்தனையோ மொழி, எத்தனையோ வழக்கம். ஆனாலும் தன் நாளில் பந்தல் குறையக்கூடாது, அன்னதானம் குறையக்கூடாது என்று ஒவ்வொருவரும் போட்டிபோட்டுச் செய்கிறார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. அதே முறையைக் கல்லூரிகளுக்கு வையுங்கள். இந்த மாதம் அரசு கலைக் கல்லூரி முறை என்றால் அடுத்த மாதம் மருத்துவக் கல்லூரி முறை. நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பது முறைக்காரர்கள், பார்க்க வருவது எல்லாரும். ஊர்மக்களும் வரலாம். நானும் கடையை அடைத்துவிட்டு வருவேன்.

என்ன நடத்துவார்கள் என்று யோசிப்பவர்கள் இந்த ஊரில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் பார்க்கவேண்டும். முத்தோரையில் மலைச்சரிவை ஒட்டி 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. 1970-ல் இருந்து வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இங்குள்ள காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்தில், 2014 டிசம்பர் முதல் தேதி நம் தலைக்கு மேல் வந்துபோன ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததைக் கணக்கிட்டு, 2019-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். அந்த இடியைக் கேட்டு ஜன்னலைச் சாத்தியவர்களுக்கு அந்தச் செய்தி வந்து சேரவே இல்லை. அந்த விஞ்ஞானிகளில் ஒருவர் தமிழில் ஒரு மணி நேரம் பேசினால் அரங்கில் இடம் இருக்காது. அரசு கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் படிப்பவர்கள், காட்டெருமை தேயிலைத் தோட்டத்துக்குள் ஏன் வந்து நிற்கிறது, கரடி ஏன் கதவைத் தட்டுகிறது என்று பேசட்டும். அதைக் கேட்க நகர்மன்ற உறுப்பினர்களே வரவேண்டியிருக்கும். இந்து நகரில் மூடிக்கிடக்கும் ஃபிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நாடு முழுவதும் எக்ஸ்ரே எடுக்கவும் படம் பிடிக்கவும் ஃபிலிம் செய்து அனுப்பிய கைகள். அவர்களையும் போன் கேமராவில் படம் எடுக்கும் பிள்ளைகளையும் ஒரே மேடையில் உட்காரவைத்து ஒரு புகைப்படக் கண்காட்சி நடத்தினால் அதற்கு வெளியூர்க் கலைஞர் யாரும் தேவையில்லை. பட்டிமன்றம், கவியரங்கம், மெல்லிசை, சதுரங்கம், கேரம், மாதம் ஒரு நல்ல படம் போட்டுப் பேசுவது, இவையெல்லாம் பிள்ளைகள் தாமாகவே செய்துகொள்வார்கள்.

பழங்குடிக் கலைஞர்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அரசு நிகழ்ச்சி என்றால் தோடர்களையும் கோத்தர்களையும் வரவழைத்து, முக்கிய விருந்தினர் காரைவிட்டு இறங்கும் வழியில் ஆடவைப்பது வழக்கமாகிவிட்டது. விருந்தினர் இரண்டு அடி சேர்ந்து ஆடுவார், படம் எடுப்பார்கள், உள்ளே போய்விடுவார்கள். வாசலில் ஆடியவர்களுக்கு உள்ளே நாற்காலி இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. கோத்தர்களின் குழலும் தோற்கருவிகளும் தலைமுறை தலைமுறையாக இந்த மலையின் மற்றச் சமூகத்தாரின் சடங்குகளுக்கும் இசையாக இருந்தவை. எந்த மெட்டு எந்தச் சடங்குக்கு, எதை எப்போது வாசிக்கக்கூடாது என்ற கணக்கெல்லாம் அந்தப் பெரியவர்களிடம் இருக்கிறது. முத்தநாடு மந்தில் (தோடர் குடியிருப்பில்) மொற்பர்த் என்ற பண்டிகையன்று தோடர் இளைஞர்கள் இளவட்டக்கல் தூக்குவதை நாளிதழில் படமாகத்தான் பார்க்கிறோம். சனிக்கிழமை அரங்குக்கு அவர்களை முறையாக அழைத்து, வந்துபோகும் செலவும் உரிய சம்பளமும் கொடுத்து, மேடையின் நடுவில் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். வெளியில் காட்டக்கூடாத சடங்கு என்று அவர்கள் சொன்னால் அதோடு விட்டுவிடவேண்டும். அந்தச் சமூகங்களின் பிள்ளைகளும் இந்தக் கல்லூரிகளில்தான் படிக்கிறார்கள். தன் தாத்தா மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச, மற்றப் பிள்ளைகள் குறிப்பெடுப்பதைப் பார்க்கும் மாணவனுக்கு அது எப்படி இருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

மழையைக் காரணம் சொல்வீர்கள். உண்மைதான், ஜூலை ஆகஸ்டில் இந்த ஊரை நம்பி நாள் குறிக்கமுடியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதை யாரும் மறக்கவில்லை. அப்படி எச்சரிக்கை வந்தால் அந்தச் சனிக்கிழமையைத் தள்ளிவைக்கலாம். அதற்காக ஆண்டு முழுவதையும் தள்ளிவைக்க வேண்டாம். குளிரும் இருட்டும் இன்னொரு காரணம். அதனால்தான் 5 மணிக்கு முடிக்கச் சொல்கிறேன். விடுதியில் இருக்கும் பெண்பிள்ளைகள் வெளிச்சத்திலேயே திரும்பிவிடலாம். காப்பாளர்கள் அனுமதி கொடுக்கத் தயங்கமாட்டார்கள். இரவு 10 மணி ஒலிபெருக்கித் தடையும் குறுக்கே வராது. குப்பை சேரும் என்று சொல்லவே முடியாது. நாடு பேசத் தொடங்குவதற்கு முன்பே பிளாஸ்டிக்கைத் தடுத்த மாவட்டம் இது. துணிப்பையோடு வளர்ந்த தலைமுறைதான் இன்று கல்லூரியில் இருக்கிறது.

பிள்ளைகள் கூடினால் சண்டை வரும் என்றும் ஒரு பேச்சு உண்டு. இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். போக இடம் இல்லாத பிள்ளைகள்தான் பஸ் நிலைய மூலையிலும் ஆளில்லாத காட்சிமுனையிலும் கூடுகிறார்கள். பெற்றோர் எதை நினைத்துப் பயப்படுகிறார்களோ அது அங்கேதான் விற்பனைக்கு வருகிறது. ஆசிரியர்களும் ஊர்மக்களும் உட்கார்ந்திருக்கும் அரங்கில் அல்ல.

அரங்கைவிட முக்கியமானது பஸ். இதை அலுவலர்கள் சிறிய விஷயம் என்று ஒதுக்கிவிடக்கூடாது. மஞ்சூர் பக்கம் போகிற பிள்ளைக்கும் எப்பநாட்டுக்குப் போகிற பிள்ளைக்கும் மூன்றரை மணிக்கே மனசு கடிகாரத்தில்தான் இருக்கும். பஸ்ஸை விட்டால் ஜீப்புக்குக் கொடுக்கும் காசு, வாரத்துக்கு வைத்திருக்கும் கைச்செலவு. மலைப்பகுதிச் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாத பயணம் வந்தபிறகு மாணவிகளுக்குப் பெரிய உதவி. ஆனால் அந்த பஸ் புறப்படும் நேரம் நிகழ்ச்சிக்கு ஒத்துவரவேண்டும். மாதத்தில் அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் முக்கியமான தடங்களில் ஐந்தே கால் மணிக்குமேல் பஸ் கிளம்பும்படி போக்குவரத்துக் கழகத்தோடு பேசி, அரங்கின் வாசலிலேயே நேரப்பட்டியலை ஒட்டிவிட்டால் கிராமத்துப் பிள்ளைகள் நிம்மதியாக உட்கார்ந்து முழு நிகழ்ச்சியையும் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் விடுதிப் பிள்ளைகள் மட்டும் வந்துபோகும் கூட்டமாக அது சுருங்கிவிடும். 2025 கோடையில் வார நாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000 வாகனம் என்று இ-பாஸில் அளந்து ஊருக்குள் விட்ட நிர்வாகத்துக்கு நாலைந்து பஸ்களின் நேரத்தை மாற்றுவது கடினமான வேலையாக இருக்காது.

இன்னொன்று. குதிரைப் பந்தய மைதானத்தை 2024-ல் வருவாய்த் துறை கையகப்படுத்தியது. அங்கே பூங்கா அமைப்பதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. ஊரின் நடுவில், பஸ் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், 50 ஏக்கருக்கும் மேலான நிலம். அங்கே எது வந்தாலும் அதில் ஒரு மூலையில் கூரை வேய்ந்த மேடையும், மழையில் நனையாமல் நூறு இருநூறு பேர் உட்காரும் படிக்கட்டும் வரைபடத்திலேயே இடம்பெறவேண்டும். மாணவர்கள் டிக்கெட் இல்லாமல் உள்ளே போக வழியும் வேண்டும். கட்டி முடித்தபிறகு கேட்டால் இடமில்லை என்பீர்கள், அதனால் இப்போதே கேட்டுவைக்கிறேன்.

பூங்காவும் மேடையும் வர ஆண்டுகள் ஆகலாம். சனிக்கிழமை அரங்குக்கு அவ்வளவு நாள் வேண்டியதில்லை. கல்லூரிகள் திறக்கும் ஜூன் மாதத்திலேயே ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் ஓர் ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும், அவர்களில் ஒருவராவது விடுதியில் தங்கும் மாணவியாக இருக்கும்படி, அழைத்து ஒரு கூட்டம் போடுங்கள். யாருக்கு எந்த மாதம் முறை என்று அங்கேயே எழுதிவிடலாம். போக்குவரத்துக் கழகத்திலிருந்தும் ஒருவர் வந்தால் பஸ் நேரமும் அன்றைக்கே முடிவாகிவிடும். முதல் ஆண்டு முழுவதற்கும் நோட்டீஸ் அச்சடிக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன், தாளுக்கும் மைக்கும் காசு வேண்டாம். கூட்டத்துக்கு நாள் குறித்தால் தகவல் சொல்லுங்கள், வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உதகையில் கல்லூரிச் சாலையோரம் ஜெராக்ஸ் கடை நடத்தும் ஒருவன்